உரிமையாளர் நேரில் வந்து பெற வேண்டும்

முதல் நாள் – காலை 8:10

இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானே, வணக்கம். தூத்துக்குடித் துறைமுகத்தில் மலை மலையாய் வந்த கப்பல்களை மூக்கணாங்கயிறு போட்ட மாடுகளைப் போல் கரைக்கு இழுத்துவந்த இழுவைப்படகின் முதன்மைப் பொறியாளர் (ஓய்வு), சூரியக் குடும்பத்திலேயே முழங்கால் வலியோடு செவ்வாயில் இறங்கிய முதல் மனிதன், தொம்மை மச்சாது எழுதுவது.

பிராணியோடு வருபவர் அதன் உடல்நிலையைத் தினமும் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். செய்கிறேன். நாய்: நலம். வெப்பநிலை சரி. மூக்கு ஈரம். கழிவு கட்டி. மனிதன்: யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் நலம்.

நாயின் பெயர் சுக்கான். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்த நாட்டு நாய். செம்பட்டை நிறம், இடது காது பாதி. மீதிக் காதைக் கடித்தது சுறா என்று கப்பலில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கடித்தது பக்கத்து வீட்டுப் பூனை.

நாங்கள் இருப்பது விலங்குத் தனிமை நிலையம். சிவந்த பொட்டல் நடுவே ஒரு தகரப் பெட்டி. ஏழாம் குமிழி என்னும் நகரம் ஊர்தியில் இரண்டு மணி நேரத் தொலைவு. இங்கே வேறு ஆள் கிடையாது. கதவு, காற்று, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. சட்டங்களை ஞானோபதேசம் மாதிரி ஒப்பிப்பதால் அதற்கு ‘உபதேசியார்’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எங்கள் வரவின் நோக்கம் ஒன்றே. நகரத்தில் என் அக்கா மகள் ஜெசிந்தா இருக்கிறாள். அவள் புருஷன் இஞ்ஞாசி பனிக்கட்டி ஏற்றும் ஊர்தி ஓட்டினான். பத்து மாதத்துக்கு முன் புழுதிப்புயலில் போனவன் வரவில்லை. ஊர்தியும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போவதில்லை. படுக்கையை விட்டு எழுந்திருப்பதே பெரும்பாடு. சுக்கான் இஞ்ஞாசி ஊரில் என்னிடம் விட்டுவந்த நாய். நாய் பக்கத்தில் இருந்தால் அதற்குச் சோறு வைக்கவாவது எழுந்திருப்பாள். இதற்காக நான் ஏழு மாதம் கருவாடு மாதிரிப் பெட்டிக்குள் தூங்கிவந்தேன்.

இரண்டாம் நாள் – காலை 10:30

நாய்: நலம்.

நிபந்தனைகள் சரிபார்ப்பு இன்று. இதை மனத்தில் குறித்துக்கொள்ளும், புண்ணியவானே, உமக்கும் ஒரு நாள் உதவும். முதலில் நாயின் தோலுக்கடியில் அடையாளச் சில்லு பொருத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் வெறிநோய் ஊசி. ஊசி முன்னே சில்லு பின்னே என்றால் ஊசியே செல்லாது, ஏனென்றால் ஊசி போட்டது இந்த நாய்க்குத்தான் என்று யார் சாட்சி? எங்கள் ஊர் மருத்துவர் இதை மாற்றிச் செய்துவிட்டார். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் ஊசியின்போது சுக்கான் மருத்துவமனையின் கூரையைக் கவ்விக்கொண்டு திருச்செந்தூர்வரை ஓடினான். (மேசைத்துணியைக் கவ்விக்கொண்டு வாசல்வரை.) பிறகு ரத்தப் பரிசோதனை, உண்ணி மருந்து, நாடாப்புழு மருந்து, இருபத்தொரு நாள் தனிமை. நாய் சுத்தம் என்றால் முன்பேயும் பெறலாம்; ஆனால் கடைசி நாள் முடிவதற்குள் உரிமையாளர் நேரில் வந்து பெற வேண்டும். பெறாத பிராணி அழிக்கப்படும். திருப்பி அனுப்பக் கப்பல் இல்லை.

நகரத்திலிருந்து கால்நடை அதிகாரி டாக்டர் பொங்கியண்ணன் அலைவரிசையில் வந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர். குரலிலேயே இரண்டு எருமைக்குப் பிரசவம் பார்ப்பார்.

“ஏனுங்கய்யா, எல்லாம் சுத்தமா இருக்குதுங்க. ஊசி, ரத்தம், சில்லு, எல்லாஞ் சரி. உரிமையாளர்னு இஞ்ஞாசி ரொட்ரிகோன்னு போட்டிருக்குதுங்களே, அவரு என்னிக்கு வாராருங்க?”

“அவன் இப்ப வர மாட்டான் டாக்டரய்யா. அவன் பொஞ்சாதி வருவா.”

“அது ஆகாதுங்களே. சில்லுல இருக்கறவரு நேர்ல வரோணும்ங்க. கைரேகை வெக்கோணும்.”

இரண்டாம் நாள் – பகல் 12:15

இந்தத் தப்பு என்னுடையது. விளக்குகிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை என்றால், ஒரு வருஷப் பூசை வைக்கும்வரை அவனைச் செத்தவன் என்று சொல்லமாட்டோம். ‘இன்னும் கரை சேரல’ என்போம். அவன் வள்ளம் அவன் பேரிலேயே நிற்கும், ஒருவரும் மாற்றமாட்டார்கள். மாற்றினால் அவன் திரும்பி வரும்போது நிற்க இடம் இருக்காது என்பார்கள்.

சில்லு வைக்கும்போது உரிமையாளர் பெயர் கேட்டார்கள். வாய் தானாக இஞ்ஞாசி என்றது. வள்ளத்துக்குச் செய்கிற மரியாதையை நாய்க்குச் செய்தேன்.

டாக்டர் வழி சொன்னார். இஞ்ஞாசி இறந்துவிட்டதாக மனைவி கையெழுத்துப் போட்டால் அந்த நிமிஷமே நாய் அவள் பேருக்கு மாறும். இங்கே பத்து மாதம் காணவில்லை என்றால் அது போதுமாம். சுலபம் என்கிறார். அவருக்கு என் அக்கா மகளைத் தெரியாது.

மூன்றாம் நாள் – காலை 9:00

நாய்: நலம். மனிதன்: அடி வாங்கினான், ஜெசிந்தாவின் வாய்ச்சொல்லால்.

“போட மாட்டேன் மாமா.”

“ஏட்டி, ஒரு கையெழுத்துதான்.”

“அவுக செத்துட்டாகன்னு நான் எழுதித் தரணுமா? நாய்க்காவ?”

“நாயை அழிச்சிருவாகட்டி.”

“நீங்கதான அவுக பேரைப் போட்டிய? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா? வருஷப் பூசை இன்னும் முடியல. அம்மாவே அவுகளைச் செத்தவுகன்னு சொல்லல. நான் சொல்லணுமா?”

தொடர்பு அறுந்தது. பின்னால் பெருமூச்சு கேட்டது. நிலையத்தின் காற்றுக்குழாயோ, நாயோ.

ஆறாம் நாள் – மாலை 5:50

நாய்: உடல் நலம். நடத்தை: வினோதம்.

நிலையத்துக்கு ஒரே வாசல். வெளிக்கதவு, உள்கதவு, நடுவில் ஒரு சின்ன அறை. வருபவர் அங்கே நின்று, அறை காற்றால் நிறைந்த பிறகு உள்ளே வருவார். பெயர் பெறும் அறை. உள்கதவில் கையகலக் கண்ணாடி. கீழே நாயை அனுப்ப ஒரு சின்ன வழி.

நான்கு நாளாக மாலை ஐந்தரைக்குச் சுக்கான் எங்கிருந்தாலும் எழுந்து உள்கதவு முன் போய் உட்காருகிறான். வாலாட்டுகிறான். இங்கே எடை குறைவாகையால் வாலாட்டும் வேகத்தில் பின்பாதி மேலே எழும்புகிறது. இன்னும் கொஞ்சம் ஆட்டினால் பூமிக்கே பறந்துவிடுவான். தொண்டைக்குள் ஒரு சத்தம் வேறு, பசித்த குழந்தை சிணுங்குவது போல.

கண்ணாடி வழியே பார்த்தேன். வெறும் அறை. கேட்டேன். உபதேசியார்: “பெறும் அறையில் எவரும் இல்லை. வெளிக்கதவு திறக்கப்படவில்லை.”

நல்ல நாய், கெட்ட கடிகாரம். இஞ்ஞாசி தூத்துக்குடியில் பனிக்கட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது ஐந்தரைக்குத்தான் வீட்டுக்கு வருவான். நாய்க்குக் கிரகம் மாறியது தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் – மாலை 6:05

நாய்: நலம்.

நான் பேய்க்குப் பயந்தவன் அல்லன் என்று இங்கே பதிவு செய்கிறேன். பழைய துறைமுகத்தில் தலையில்லாத வெள்ளைக்காரப் பேய் ஒன்று என்னிடம் வந்து கப்பலுக்கு வழி கேட்டது. வழி சொன்னேன். தலை இல்லாமல் எப்படிக் கேட்டது என்று நீர் கேட்கக் கூடாது.

இன்று ஐந்தரைக்குப் பிறகு கண்ணாடியில் பார்த்தேன். பெறும் அறையின் தரையில், வெளிக்கதவுக்கு உள்பக்கம், ஒரு கைப்பிடிச் சிவப்பு மண். காலையில் இல்லை. காலையில் நானே உள்ளே போய்த் துடைத்தேன், வேறு வேலை இல்லாததால்.

டாக்டரிடம் சொன்னேன். “அய்யா, பழைய புழுதிங்க. காத்துக்குழாயில இருந்து விழுந்திருக்கும்” என்றார். விழுந்த மண் பரவும். இது இரண்டு சிறு குவியலாக இருந்தது, யாரோ நின்று காலை உதறினாற்போல.

பத்தாம் நாள் – மாலை 5:45

துடைத்தேன். மறுபடி இருக்கிறது. உபதேசியார்: “வெளிக்கதவு திறக்கப்படவில்லை.” ஒன்பது முறை கேட்டேன். ஒன்பது முறையும் அதே குரல், அதே பொறுமை. பொறுமையில் பாதி எனக்கு இருந்திருந்தால் கல்யாணம் ஆகியிருக்கும்.

நாய் சாப்பிடவில்லை.

பன்னிரண்டாம் நாள் – காலை 11:20

ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். கையெழுத்தைப் பற்றிப் பேச. பேச்சு தடுமாறி மண்ணைச் சொல்லிவிட்டேன். ஐந்தரையைச் சொன்னேன். நாயைச் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் வாழ்நாளில் இப்படி ஒரு விஷயம் சொன்னதில்லை.

மண் எப்படிக் கிடந்தது என்று திருப்பிக் கேட்டாள். பிறகு:

“காலை ஒதறிட்டுத்தான் வருவாக மாமா. அம்மா மெழுகின தரைன்னு ஏசுவால்லா. அன்னையிலருந்து வாசல்ல நின்னு ரெண்டு காலையும் ஒதறுவாக.”

“ஏட்டி, காத்துக்குழாய்ப் புழுதின்னு டாக்டர் சொல்லுதாரு.”

“உங்களுக்கு ஒதறுறது தெரியாதுல்லா? நான் சொல்லலியே. அப்போ நீங்க கட்டிச் சொல்லல.”

அவள் குரலில் உயிர் வந்திருந்தது. பத்து மாதத்தில் முதல்முறை. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். மூடன்.

“அவுக கரை சேரப் பாக்காக மாமா. வழி தெரியாம அங்க வந்து நிக்காக. இனி எப்பிடி நான் கையெழுத்துப் போடுவேன்? போட்டா அவுகளுக்கு வாசல் ஏது?”

பதினைந்தாம் நாள் – பகல் 1:00

நாய்: ஐந்து நாளாகத் தண்ணீர் மட்டும். விலா தெரிகிறது.

ஜெசிந்தா சாப்பிடுகிறாளாம், குளிக்கிறாளாம், ஒரு நாளைக்கு நான்கு முறை கூப்பிட்டு “இன்னைக்கு வந்தாகளா?” என்று கேட்கிறாள். டாக்டர் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். நகரத்து வெளிவாசலில் மூச்சுக்கவசம் இல்லாமல் நின்றவளை இரண்டு முறை பிடித்து இழுத்திருக்கிறார்கள். காற்று வாங்கப் போனேன் என்றாளாம். வெளியே வாங்குவதற்குக் காற்று இல்லை.

யோசித்தேன். படுக்கையில் கிடந்தவளை எழுப்பத்தான் வந்தேன். எழுப்பிவிட்டேன். இப்போது அவள் நடப்பது எந்தப் பக்கம் என்று தெரிகிறது.

அவள் கையெழுத்துப் போடாவிட்டால் நாயும் போகும், அவளும் போவாள்.

பதினாறாம் நாள் – காலை 9:40

செய்துவிட்டேன். முழுதாக எழுதுகிறேன்.

“ஏட்டி ஜெசிந்தா. மாமா ஒண்ணு சொல்லுதேன், ஏசாத.”

“சொல்லுங்க. வந்தாகளா?”

“வரல. எவனும் வரல. மண்ணுமில்ல ஒண்ணுமில்ல. நான் புளுகினேன்.”

“என்ன மாமா சொல்லுதிய?”

“நீ கிடந்த கிடப்பு மனசு கேக்கல. ஒரு கதை விட்டா எழுந்திருப்பேன்னு விட்டேன்.”

“காலை ஒதறுறது?”

“உங்கம்மைதான் ஒரு நாள் சொன்னா. என் அக்காட்டி அவ. எனக்குத் தெரியாதா?”

அக்கா சொன்னதில்லை. ஒரு நாளும் சொன்னதில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “திமிங்கலம் உங்கள முழுங்கித் துப்புனதுன்னு சின்ன வயசுல சொன்னிய. அதையே நான் நம்பல” என்றாள். “இதை நம்புனேன் பாருங்க.” பிறகு, “டாக்டர்ட்ட சொல்லுங்க. போடுதேன். நாயையாவது கூட்டிட்டு வாரேன். நீங்க எம் மூஞ்சில முழிக்காதிய.”

வாழ்நாளெல்லாம் ஆயிரம் புளுகு புளுகியிருக்கிறேன். ஒருத்தரும் நம்பியதில்லை, அதனால் ஒருத்தருக்கும் கேடில்லை. நான் உண்மையைப் புளுகு என்று சொன்ன ஒரு நாள், அது எடுபட்டது.

பகல் 11:02. உபதேசியார்: “உரிமை மாற்றம் பதிவானது. உரிமையாளர்: ஜெசிந்தா. முந்தைய உரிமையாளர்: காலமானார்.”

பதினாறாம் நாள் – மாலை 5:34

எழுத்து கோணும். பொறுத்துக்கொள்ளும்.

ஐந்தரைக்கு நாய் போய் உட்கார்ந்தான். நான் அறையின் மறுகோடியில் சுவரைப் பார்த்து நின்றேன், பார்க்கக் கூடாது என்று. உபதேசியார் தானாகப் பேசியது. யாரும் கேட்காமல்.

“பெறும் அறையில் ஒருவர் உள்ளார். கைரேகை: இஞ்ஞாசி ரொட்ரிகோ. உரிமையாளர் அல்லர். அனுமதி மறுக்கப்படுகிறது.”

இத்தனை நாளும் எவரும் இல்லை என்றது. மறுப்பதற்கு மட்டும் ஆளைக் கண்டுகொண்டது.

வெளிக்கதவு திறந்ததா என்று கேட்டேன். “திறக்கப்படவில்லை.”

கண்ணாடியில் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று எழுதினால் அது புளுகு. நாய் கதவைப் பிராண்டினான். பேச்சுக்குழாயில் மூச்சு மாதிரி ஒரு இரைச்சல். பிறகு ஒரே ஒரு சொல்.

“மாமா.”

அவ்வளவுதான். கோபமில்லை. வீட்டுக்கு வந்தவன், கதவு தாழிட்டிருப்பதைப் பார்த்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்கிற குரல்.



பதினெட்டாம் நாள் – மாலை 4:10

நேற்றும் அதே. மறுப்பு, ஒரு சொல், அமைதி.

டாக்டர்: “அய்யா, பதிவுல ஒண்ணுமே இல்லைங்க. நீங்க கொஞ்சம் தூங்குங்க. ஜெசிந்தாம்மா கெளம்பீட்டாங்க. அஞ்சரைக்கு வந்துருவாங்க.”

ஐந்தரை!

அவள் வரும் ஊர்திக்குக் கூப்பிட்டேன். “ஏட்டி, இன்னைக்கு வராத. நாளைக்குக் காலைல வா. அஞ்சரைக்கு அந்த அறைக்குள்ள வராத. நான் முன்னால சொன்னதுதான் நெசம். பின்னால சொன்னதுதான் பொய்.”

“இனியும் புளுகாதிய மாமா” என்றாள், அலுத்துப்போய்.

பதினெட்டாம் நாள் – மாலை 6:20

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் எனக்கே பிடி விட்டுப்போகும்.

ஊர்தி வந்து வாசலில் நின்றது. வெளிக்கதவு திறந்தது, மூடியது. காற்று நிறைந்தது. ஜெசிந்தா தலைக்கவசத்தைக் கழற்றியதைக் கண்ணாடியில் பார்த்தேன். இளைத்துப்போயிருந்தாள். என்னைப் பார்க்காமல் நாயைத் தேடினாள். நாய் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

“பெறும் அறையில் இருவர் உள்ளனர். உரிமையாளருக்கு மட்டுமே அனுமதி.”

அவள் திரும்பினாள். கண்ணாடியில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. பயந்து பின்வாங்கவில்லை. பேச்சுக்குழாயில் அவள் குரல்:

“நீங்க பொய்யே சொல்லலியே மாமா.”

“உள்ள வா பிள்ள. கதவைத் திறக்கேன், உள்ள வா.”

“மண்ணா இருக்கு. சட்டை முழுக்க மண்ணு. கை எவ்வளவு குளுந்து கிடக்கு தெரியுமா?”

கதவு திறக்கவில்லை. இருவர் இருக்கும்வரை திறக்காது என்றது உபதேசியார்.

அப்புறம் அவள் கேட்டாள், என்னிடமில்லை: “என்ன வேணும்? சொல்லுங்க, என்ன வேணும்?” கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றாள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. பிறகு குரல் மாறியது.

“சுக்கானைத் தாங்க மாமா. அதுக்குத்தான் வந்திருக்காக.”

கீழ்வழியை நான் திறந்தேனா, நாயே தள்ளித் திறந்தானா, சொல்லத் தெரியவில்லை. போய்விட்டான். அவள் சொன்னாள், உரக்க, மேலே இருக்கும் இயந்திரத்துக்கு: “உரிமையை மாத்துதேன். இஞ்ஞாசி ரொட்ரிகோ பேருக்கு.”

“உரிமை மாற்றம் பதிவானது. பிராணி உரிமையாளரால் பெறப்பட்டது. பெறும் அறையில் ஒருவர் உள்ளார்.”

வெளிக்கதவு திறக்கவே இல்லை. நாய் அந்த அறையில் இல்லை. உள்கதவு திறந்தது. அவள் தனியாக உள்ளே வந்தாள். வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“என்னைய வாறியான்னு ஒரு வார்த்த கேக்கல மாமா.”

பத்தொன்பதாம் நாள் – பகல் 12:40

நாய்: இல்லை. அந்தப் பத்தியை நிரப்ப வழியில்லை.

உள்ளே வந்தவர் ஒரு நாள் தனிமையில் இருந்தே ஆக வேண்டும். ஜெசிந்தா இங்கேயே இருக்கிறாள். சோறு கொடுத்தேன், சாப்பிட்டாள். “கையெழுத்துப் போட்டது அவுகளுக்குத் தெரிஞ்சிட்டோ மாமா?” என்று ஒரு முறை கேட்டாள். தெரியாது என்றேன். “பின்ன ஏன் கேக்கல? நாயைக் கூட்டிட்டுப் போறாக, என்னைய விட்டுட்டுப் போறாக” என்றாள். திமிங்கலக் கதையைத் தொடங்கினேன். சிரித்தாள். சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. எதையோ முடிவு செய்துவிட்டவள் சிரிக்கிற சிரிப்பு.

டாக்டர் நாய் எங்கே என்கிறார். உரிமையாளர் பெற்றுவிட்டார் என்று உபதேசியாரின் பதிவு சொல்கிறதாம். “அப்போ சரிங்க” என்கிறார். பதிவு சரியாக இருந்தால் அவருக்கு எல்லாம் சரி.

பத்தொன்பதாம் நாள் – மாலை 5:12

கண் அயர்ந்துவிட்டேன். எழுந்தபோது மருந்துப் பெட்டி திறந்து கிடந்தது. சில்லு பொருத்தும் ஊசி மேசையில். சுக்கானின் பதிவிலேயே உபரிச் சில்லு ஒன்று இருந்தது. இப்போது இல்லை.

அவள் பிடரியில் ஒரு சொட்டு ரத்தம்.

சில்லு படிக்கும் கருவியை எடுத்து அவள் கழுத்தருகே கொண்டுபோனேன். தடுக்கவில்லை. தலையைக் குனிந்துகூடக் காட்டினாள், நாய்க்குட்டி மாதிரி. கருவி கூவியது.

“உரிமையாளர்: இஞ்ஞாசி ரொட்ரிகோ.”

“ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட! நீ என்ன நாயா? ஆடா மாடா?”

“பேரு இருந்தாத்தான கூட்டிட்டுப் போறாக” என்றாள். “சுக்கானுக்கு இருந்துது. எனக்கு இல்ல. நாந்தான கையெழுத்துப் போட்டு அழிச்சேன்.”

ஊசியைப் பிடுங்கினேன். எதற்கு? முடிந்த பிறகு. டாக்டரைக் கூப்பிட்டேன். புழுதிப்புயலாம், தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. அந்த ஒரு நிமிஷம். முதுகைத் திருப்பிய ஒரே ஒரு நிமிஷம். அவள் பெறும் அறைக்குள் போய்விட்டாள். தலைக்கவசம் இங்கே பெஞ்சில் இருக்கிறது. உள்கதவு பூட்டிக்கொண்டது.

பத்தொன்பதாம் நாள் – மாலை 5:29

தட்டுகிறேன். திரும்பிப் பார்க்கவில்லை. வெளிக்கதவைப் பார்த்து நிற்கிறாள், தலையைச் சீவிக்கொண்டு.

கடப்பாரை இல்லை. ஒன்றுமில்லை. கதவைத் திற என்று உபதேசியாரிடம் கெஞ்சினேன். “உரிமையாளருக்காகக் காத்திருக்கும் பிராணி. வெளியேற்ற இயலாது.”

என்னிடம் இருப்பது என் வாய் ஒன்றுதான்.

5:30

“பெறும் அறையில் இருவர் உள்ளனர். கைரேகை: இஞ்ஞாசி ரொட்ரிகோ. உரிமையாளர். அனுமதிக்கப்படு–”

பேச்சுக்குழாயில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று அப்படியே எழுதுகிறேன்.

“மாப்ள! இஞ்ஞாசி! மாமா பேசுதேன். இவ ஜெசிந்தா இல்ல மாப்ள. ஜெசிந்தா இங்க இல்ல. நீ போன மூணாம் மாசமே இன்னொருத்தனைக் கட்டிக்கிட்டா. ஊருக்குப் போயிட்டா. புள்ள உண்டாயிருக்கா. நல்லாருக்கா. உன் பேரைச் சொல்லியே நாளாச்சு. இவ எவளோ ஒருத்தி. பைத்தியம். உன் பேரைத் தெரிஞ்சுக்கிட்டு வந்து நிக்கா. கூட்டிட்டுப் போவாத. ஜெசிந்தா உன்னை மறந்துட்டா மாப்ள. நீ போ.”

உள்ளே அவள் “இல்லங்க, நாந்தான், இங்க பாருங்க, நாந்தான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கையை நீட்டி எதையோ பிடித்திருந்தாள். பிறகு அந்தக் கை கீழே விழுந்தது, பிடித்திருந்தது விட்டுப்போனது போல.

மூச்சு இரைச்சல் நின்றது.

“பெறும் அறையில் ஒருவர் உள்ளார்.”

5:41

இப்படி ஒரு புளுகை அவன் உயிரோடு இருந்திருந்தால் சிரித்துத் தள்ளியிருப்பான். எல்லோரையும் போல.

நம்பிவிட்டான்.

வெளியே சுக்கான் ஊளையிடுகிறான். இந்தச் சுவருக்கு அப்பாலிருந்து எதுவும் கேட்கக் கூடாது. கேட்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போகிறது.

உள்கதவு திறந்துவிட்டது. அகலத் திறந்து வைத்திருக்கிறேன். “வா பிள்ள” என்கிறேன்.

அங்கேயே நிற்கிறாள். என்னையே பார்க்கிறாள்.